பை ஏறினால் ஆள் ஏறின மாதிரி

கள்ளக்குறிச்சியில் சென்னைக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். கோர்ட்டு வேலையாகப் போகிறவன், பிள்ளையைக் காலேஜில் சேர்க்கப் போகிறவன், கல்வராயன் மலையிலிருந்து முதல் தடவையாக இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறவன், எல்லாருக்கும் வழி சொன்னவன் நான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனால் சென்னையில், கையில் எவ்வளவு கம்மியாக இருந்தாலும் மூன்று வேளை வயிறு நிறைய எப்படிச் சாப்பிடுவது, ஆட்டோவில் ஏறாமல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரிந்த மாதிரி படித்தவனுக்குத் தெரியாது. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. என்னைக் கேட்டுப் போனவன் எவனும் அங்கே பட்டினி கிடந்ததில்லை.

பதினாறு வயதில் கொத்தவால்சாவடிக்கு மூட்டை தூக்கப் போனேன். அப்போது காய்கறி மார்க்கெட் அங்கேதான் இருந்தது. ஆறு வருஷம் இருந்தேன். படுத்தது மூட்டை மேல், குளித்தது தெருக்குழாயில். சாப்பாட்டில் மட்டும் நான் குறை வைத்ததில்லை. அப்போது படித்ததை இப்போதும் சொல்கிறேன், இன்றைக்கும் செல்லும். பஸ் ஸ்டாண்டு வாசலில் இருக்கிற ஓட்டலில் கால் வைக்காதே. நீ திரும்பி வரமாட்டாய் என்று அவனுக்குத் தெரியும். சுமை தூக்குகிறவனும் ஆட்டோ ஓட்டுகிறவனும் எங்கே நின்றுகொண்டு சாப்பிடுகிறானோ அங்கே போய் நில். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டரை மணிக்கு மேல் போ. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிற அவசரத்தில் இருப்பான், கரண்டி தாராளமாக இறங்கும். காலையில் மாநகராட்சி உணவகத்தில் இட்லி இருக்கிறது, வரிசை நீளுவதற்குள் போய்விடு. பரோட்டா இரண்டு வாங்கினால் போதும், சால்னாவுக்குக் காசு கிடையாது. மூன்றாவது தடவை சால்னா கேட்கும்போது மட்டும் கடைக்காரன் முகத்தைப் பார்க்கக்கூடாது, இலையைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும்.

பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் கூட்டம் நிற்கிற ஸ்டாப்பில் நிற்காதே. ஒரு ஸ்டாப் பின்னால் நடந்து போய் ஏறு. இடம் கிடைக்காவிட்டால், மடியில் இருக்கிற சாப்பாட்டுப் பையின் வாயை எவர் இழுத்து மூடுகிறாரோ அவர் பக்கத்தில் போய் நில். அடுத்த ஸ்டாப்பில் அவர் எழுந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலான பாடம் இது: படியில் போய் முண்டாதே. கையில் இருப்பதை ஜன்னல் வழியாக சீட்டில் போட்டுவிடு. பை ஏறினால் ஆள் ஏறின மாதிரி.

இந்தக் கடைசிப் பாடம் சென்னையில் படித்ததல்ல. கல்வராயன் மலை மேலே, வெள்ளிமலையில் நானே போட்ட சட்டம்.

சென்னையிலிருந்து திரும்பி வந்து ஒரு பழைய ஜீப் வாங்கினேன். கச்சிராயபாளையம் வழியாக மலை மேலே ஆளும் மூட்டையும் ஏற்றி இறக்கினேன். மலைக்காரர்கள் சாமை மூட்டையையோ புளிக்கூடையையோ சீட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், உப்பு வாங்கப் போவார்கள், சொந்தக்காரனைப் பார்த்துப் பேசிக்கொண்டே நின்றுவிடுவார்கள். மற்ற ஜீப்காரன் அதைக் கீழே தள்ளிவிட்டு வேறு ஆளை ஏற்றுவான். நான் அப்படிச் செய்ததே இல்லை. ஒரு தடவை ஒரு பூசணிக்காய்க்காக ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தேன். உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள்.

"யோவ், பூசணிக்காயா டிக்கெட்டு எடுக்கப் போவுது? எடுய்யா வண்டிய!"

"பூசணிக்கா ஏறிடுச்சி. அதோட ஆளு வர்ற வரிக்கும் சக்கரம் உருளாது" என்றேன்.

அந்தப் பேச்சு மலை முழுக்கப் பரவியது. என் ஜீப்பில் பையைப் போட்டால் நிம்மதியாகப் போய் வரலாம் என்று ஆனது. கூட்டம் என் வண்டிக்குத்தான் வந்தது. அந்த ஒரு ஜீப்பிலிருந்துதான் இரண்டு லாரி, மாடி வீடு, கீழே வாடகைக்கு நாலு கடை. ஒருவனும் எனக்குக் கைதூக்கி விடவில்லை.

என் வீட்டுக்காரி ரிஷிவந்தியம் பக்கம். என் தாய்மாமன் மகள், அதனால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவனுக்குச் சென்னையில் எங்கே சாப்பிடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தால் உள்ளே இருந்து குரல் வரும்.

"ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் மெட்ராஸ்ல சோறு போட்டாச்சி. கட்டிக்கினு வந்தவள ஒரு தபா இட்டுக்கினு போனீங்களா மாமா?"

"அங்க பாக்கிறதுக்கு இன்னாமே இருக்குது? கூட்டந்தான்."

"நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தியா நின்னுட்டு வரேன்."

நாற்பது வருஷத்துக்கு மேல் இதைச் சிரித்துத் தள்ளிவிட்டேன். அவள் சென்னையை முதல் தடவை பார்த்தது நோயாளியாக.

போன பொங்கலுக்கு முன்னாலேயே ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தாள். "பொறுமையா மென்னு துன்னு, யாரு புடுங்கிக்கினு போறா?" என்று நான் அதட்டினேன். பிறகு சோறு நின்றது. இட்லி நெஞ்சில் நின்றுகொண்டது. மாசி வந்தபோது கஞ்சி மட்டும்தான் இறங்கியது. கள்ளக்குறிச்சியில் டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், சதை கிள்ளி எடுத்து லேப்புக்கு அனுப்பினார். உணவுக்குழாயில் கட்டி. என்ன கட்டி என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"சென்னைக்குப் போங்க. அங்க பெரிய டாக்டருங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்துட்டு, ஆபரேஷன் பண்ண முடியுமான்னு சொல்வாங்க. இப்ப போனா முடியும்னுதான் எனக்குத் தோணுது. நாள் கடத்தாதீங்க" என்றார். ஸ்கேன் படம், லேப் ரிப்போர்ட், ஒரு சின்ன டப்பாவில் சதையைச் சீவி ஒட்டின கண்ணாடித் துண்டுகள், கிள்ளிய சதையை மெழுகில் பதித்த கட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். லேப்பில் இனி ஒன்றும் இல்லை, இதுதான் எல்லாம், பத்திரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சென்னையில் அதைப் பார்க்கிற நாளும் குறித்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

மகன் கார் சொல்லியிருந்தான்.

"கார வேணாம்னு சொல்லிடு" என்றேன்.

"அப்பா, அம்மாவால நடக்கவே முடியல."

"கார்ல போயி அந்த டிராபிக்ல நின்னுக்கினு இருந்தா பன்னண்டு மணிக்கு தாம்பரத்துலதான் இருப்ப. நான் பொறந்து வளந்த ஊரு மாதிரிடா அது. பஸ்ஸு, அப்பறம் எலெக்ட்ரிக் ட்ரெய்னு. ஒம்பதரைக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள், "உங்கப்பா கூடவே போறேன்டா. இப்பதான் கேட்டதுக்கு இட்டுக்கினு போறாரு" என்றாள்.

விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். காசுக்காக இல்லை. காசு என்னிடம் இருந்தது. எனக்குத் தெரிந்ததை ஒரு தடவையாவது அவளுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

நான் மூட்டை தூக்கிய காலத்தில் நம் பஸ் பாரிமுனைவரை போகும். பிறகு கோயம்பேட்டில் நிறுத்தினார்கள். இப்போது கிளாம்பாக்கம். ஒவ்வொரு தடவையும் நம்மைக் கொஞ்சம் தள்ளியே இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஊருக்குள் போக இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். இறங்கியபோது எட்டு மணி ஆகியிருந்தது. வழியெல்லாம் பனிக்காற்று அடித்ததில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. என் துண்டை எடுத்து அவள் கழுத்தில் சுற்றிவிட்டேன். பை என் கையில் இருந்தது. துணிப்பை. அதற்குள் ஆஸ்பத்திரிக் கட்டு, வடிகட்டின சாமைக் கஞ்சி ஒரு பாட்டிலில்.

தாம்பரம் போகிற டவுன் பஸ் நிற்கிற இடத்தில் கூட்டம். முதல் பஸ் வந்தது.

"மாமா, இது காலியா இருக்குது. ஏறிடலாம்."

"அது காசு பஸ்ஸுமே. பொம்பளைக்கு ஓசி பஸ்ஸு பின்னாடியே வரும். மூஞ்சில ரோஸ் கலரு அடிச்சிருப்பான், பாரு."

"எனக்கு ஓசி வேணாம், உக்காந்தா போதும்."

"உக்கார வெக்கிறேன். அதுக்குத்தான நான் கீறேன்."

இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதாக ரோஸ் கலர் வந்தது. அது நிற்பதற்குள் ஜனம் படியை நோக்கி ஓடியது. நான் ஓடவில்லை. எனக்குத் தெரியும் அல்லவா. ஜன்னல் பக்கம் போனேன், நடு சீட்டுப் பார்த்து, கையை உள்ளே விட்டுப் பையை வைத்தேன். துண்டு தோளில் இருந்திருந்தால் துண்டைத்தான் போட்டிருப்பேன். உள்ளே இருந்த ஒரு அம்மா பையைத் தள்ளி ஒழுங்காகக்கூட வைத்தாள். திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி பத்தடி பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய் முதுகைத் தடவினேன்.

"மெதுவா வா. பை ஏறிடுச்சி" என்றேன்.

அவளும் மெதுவாக வந்தாள். என் பேச்சை நம்பித்தான் வந்தாள். நாங்கள் படிக்கு நாலடி இருக்கும்போது உஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் கதவு வந்து மூடிக்கொண்டது. நான் தொங்கிக்கொண்டு போன பஸ்ஸில் கதவே கிடையாது. ஓசி பஸ்ஸுக்கும் கதவு வைத்துவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தட்டினேன். "யோவ், பை உள்ள கீதுய்யா!" என்று கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் என்னைப் பார்த்தான். பஸ் வளைந்து வெளியே போய்விட்டது.

நேரம் குறிக்கிற ஆபீசுக்கு ஓடினேன்.

"எந்த பஸ்ஸு பெரியவரே? நம்பரு இன்னா?"

"ரோஸ் கலருங்க. தாம்பரம்."

"எல்லாம் ரோஸ் கலருதான், எல்லாம் தாம்பரந்தான். பைய மட்டும் ஏத்திட்டா எப்டி? ஆளு ஏற வேணாமா?"

எங்க ஊருல, என்று ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

ஆட்டோ ஏறினேன். அந்த ஊரில் என் வாழ்க்கையில் முதல் ஆட்டோ. எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. அவள் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, என் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, முன்னால் போகிற ஒவ்வொரு ரோஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இதுவா மாமா? இதுவா?" என்று கேட்டாள். தாம்பரத்தில் நின்ற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். சீட்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தேன். ஒரு கண்டக்டர் தன் பஸ்ஸில் கிடைத்த குடையைக் கொண்டு வந்து இதுவா என்று கேட்டார். பை கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. கண்ணாடித் துண்டும் மெழுகும் கஞ்சியும் எவனுக்கு என்ன உபயோகம் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி ஒன்று. ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் இருந்தாள். நல்ல மாதிரிதான் பேசினாள்.

"ஒண்ணுமே இல்லாம நாங்க எதை வெச்சிங்க ஐயா முடிவு பண்றது?"

"ஸ்கேன் கள்ளக்குறிச்சியில மறுபடி எடுத்துக் குடுப்பாங்கம்மா. மெழுகுதான்..."

"அதான் முக்கியம். மறுபடி சதை எடுக்கணும், ரிசல்ட் வரணும். அதுக்கப்பறந்தான் அந்த மீட்டிங்ல வெக்க முடியும்."

தேதி எழுதிக் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரி முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல் ஒன்றும் குடிக்கவில்லை. கஞ்சி பையோடு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் தள்ளுவண்டிக் கடை இருந்தது. ஆட்டோக்காரர்களும் சுமை தூக்குகிறவர்களும் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கால் தானாக அங்கே போனது. கடைக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா ரசத்தை டீ வடிகட்டியில் இரண்டு தடவை வடித்து, ஆற்றி, டம்ளரில் கொடுத்தாள். என் வீட்டுக்காரி ஒரு வாய் விழுங்கினாள். இரண்டாவது வாயும் போனது. மூன்றாவது மூக்கு வழியாக வந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். "இதானா மாமா உங்க கடைங்க? ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருப்பீங்களே."

"இந்த மாதிரிதான்."

"சாம்பாரு வாசன நல்லாத்தான் இருக்குது. நீங்க துன்னுங்க, நான் பாக்கறேன்."

"எனக்கு வேணாம்."

"அட, துன்னுங்க மாமா. இவ்ளோ தூரம் இட்டுக்கினு வந்து ஒண்ணும் காட்டாம போனா எப்டி?"

நாலு இட்லி சாப்பிட்டேன். ஒளித்து என்ன ஆகப் போகிறது, பசித்தது, நாலையும் சாப்பிட்டேன். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் மெல்லுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினாள், நான் கேட்காமலேயே.

அதற்குப் பிறகு மகன் கார் வைத்துத்தான் கூட்டிப் போனான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்தபடி வருவான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி குழாய் விட்டார்கள், மறுபடி சதை கிள்ளினார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் கஞ்சியும் இறங்காமல் போனது. பிறகு தண்ணீர். குடித்த தண்ணீர் நுரையீரலுக்குப் போய்ச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலோடு பெரிய டாக்டர்கள் முன்னால் அவளை வைக்க முடியவில்லை. இன்னொரு தேதி போனது. அப்புறம்தான் அந்த மீட்டிங்கில் வைத்தார்கள்.

அதே லேடி டாக்டர் என்னையும் மகனையும் தனியாகக் கூப்பிட்டாள். ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றாள். கட்டி பக்கத்து இடத்தையும் பிடித்துவிட்டதாம். வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவோம், அது வழியாக ஆகாரம் கொடுங்கள் என்றாள்.

மகன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் உட்கார்ந்தே இருந்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கே அந்தப் பை இருந்து, அன்னிக்கே நீங்க பாத்திருந்தா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அன்னிக்கே பாத்திருந்தா நல்லாயிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்க ஐயா" என்றாள். பிறகு, "இருந்திருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது" என்றாள்.

வேறு என்ன சொல்வாள். என்னிடம் பொய் சொல்லத் தெரிந்த டாக்டராக இருந்திருக்கலாம்.

கிளம்பும்போது சொன்னாள்: "இனிமே இவ்ளோ தூரம் அலைய வேணாம்ங்க. வீட்லயே வெச்சிப் பாத்துக்கோங்க."

எங்களுக்கு இப்போது சென்னையில் வேலை இல்லை.

போன வாரம் வெள்ளிமலையிலிருந்து ஒருவன் வந்தான். என் ஜீப்பில் ஏறினவனுடைய மகன். பெண்சாதியை அதே மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறானாம். "சென்னைன்னா உங்கள கேட்டாதான்ங்க தெரியும்னு எங்கப்பா சொல்லி அனுப்பிச்சாரு" என்றான். இரண்டு படி சாமையும் கொண்டு வந்திருந்தான். எங்கே சாப்பிடுவது என்று சொன்னேன். மத்தியானம் இரண்டரைக்கு மேல் போ என்று சொன்னேன். ஜன்னல் விஷயத்தை நான் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான்.

"பைய போட்டுட்டா எடம் நம்முளுதுங்க, இல்ல? எங்கப்பா சொல்வாரு."

"அது உங்க மலையோட சரி" என்றேன். "பைய உம் பொஞ்சாதி கைல குடுத்துட்டு, அவள மொதல்ல ஏத்து."

உள்ளே இருந்து வழக்கம்போல் குரல் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். அவளுக்கு இப்போது குரல் எழும்புவதில்லை, கிட்டப் போனால்தான் கேட்கும்.

அந்தச் சாமையில்தான் இப்போது கஞ்சி. நானே காய்ச்சுகிறேன். மருமகள் நான் செய்கிறேன் என்றாள், விடவில்லை. தண்ணீராகக் காய்ச்சி, வடிகட்டியில் இரண்டு தடவை வடித்து, ஆற்றி, சிரிஞ்சில் எடுத்து வயிற்றுக் குழாயில் விட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அவசரப்பட்டால் அவளுக்கு வலிக்கும். இன்று காலையும் விட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, நான் குனிந்தேன்.

"இன்னா கஞ்சி?"

"சாம. மலையிலருந்து வந்துது."

"உப்பு போட்டீங்களா?"

"போட்டேன்."

நாக்கில் படாத கஞ்சிக்கு எதற்கு உப்பு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நிஜமாகவே போட்டிருந்தேன். காய்ச்சும்போதே ஒரு சொட்டு என் நாக்கில் விட்டுப் பார்த்துத்தான் இறக்கினேன்.